யூனிபோர்மைக் கழற்றிய பிறகுதான் உங்கள் எஸ்.ஐ.க்குப் பலம்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மூன்று புத்தகமாக ஒரு மர்மக்கதைத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் மாஜி உப பொலிஸ் பரிசோதகர். 1962இல் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்து 1984இல் பொலிஸில் சேர்ந்தவர். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) ஒருவன் அமிலம் வீசியதில் முகத்தில் பாதி வெந்துபோய், வேலையை விட்டுவிட்டு, பாழடைந்த துரை பங்களாவில் யாரோடும் பேசாமல் தனியே இருக்கிறார். தோட்டத்தில் கொலை நடக்கிறது. பொலிஸ் தவறான ஆளைப் பிடிக்கிறது, இவர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். வாசித்த நண்பர் ஒருவர், "இது பார்த்துச் சலித்த ஆள், அதோடு நம் ஊரில் இப்படி நடக்கவே நடக்காது" என்கிறார். சட்டப்படி இவரால் எவ்வளவு தூரம் போகமுடியும்? (ஆசிரியை, பெயர் வேண்டாம்)

பதில்:

டீச்சர், அனுப்பிய மூன்று அத்தியாயத்தையும் வாசித்தேன். நண்பர் சொன்னதில் பாதி சரி. தழும்பும் தாடியும் தனிமையுமாக ஒரு மாஜி பொலிஸ்காரர் எத்தனையோ கதைகளில் வந்து போய்விட்டார். ஆனால் நம் ஊரில் நடக்காது என்றாரே, அதை நான் ஏற்கமாட்டேன். நான் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எதிரி தரப்புக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம், ஆஜராகிப் பிழைக்கிற சட்டத்தரணி, இலக்கியம் சொல்லித்தர எனக்குத் தகுதி கிடையாது, ஆனால் உங்கள் ஆள் சாட்சிக்கூண்டில் ஏறினால் அவரை என்ன செய்யலாம் என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

உங்கள் கதையில் உள்ள பெரிய கோளாறு தழும்பு இல்லை. வேலையை விட்ட பிறகும் அவரைப் பொலிஸ்காரராகவே நடமாட விட்டிருக்கிறீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் பிணம் கிடக்கிற மலைக்குப் போகிறார், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கைக்குட்டையால் எடுத்துப் பையில் போடுகிறார், கங்காணியைக் கூப்பிட்டு அதட்டுகிறார், கடைசியில் எல்லாவற்றையும் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி (ஓ.ஐ.சி.) மேசையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார். நிஜத்தில் அந்தக் கத்தி அவர் பைக்குள் போன நிமிஷமே வழக்கு பாதி செத்துவிட்டது. எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது, வேறு யாராவது தொட்டார்களா என்று ஒன்றையும் பிறகு நிரூபிக்க முடியாது. சாட்சியத்தை மறைத்ததாக அவர் மேலேயே குற்றம் சாட்டலாம். கொலை நடந்தது தெரிந்தால் பொலிஸுக்கோ நீதவானுக்கோ கிராம சேவகருக்கோ அறிவிக்கவேண்டியது சாதாரணக் குடிமகனுடைய கடமையும்தான், கடைசி அத்தியாயம் வரை தெரிந்ததை மடியில் கட்டிவைத்திருக்க அவருக்கு உரிமை இல்லை. கைது செய்வதும் அப்படித்தான், தன் கண் முன்னால் பாரதூரமான குற்றம் நடந்தால் யாரும் பிடித்துக் கொடுக்கலாம், முந்தாநாள் நடந்த கொலைக்கு இன்று போய் ஒருவனைப் பிடித்துக் கட்டிவைக்க முடியாது.

அப்படியானால் அவருக்கு மிஞ்சுவது என்ன? காது. நீங்கள் கவனிக்காமல் விட்ட தங்கம் அங்கேதான் கிடக்கிறது.

நம் இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டு இலக்கம் 14. அதன் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது. அடித்து வாங்கினாலும் சரி, அவனாகவே வந்து அழுது சொன்னாலும் சரி, கேட்டவர் பொலிஸ் என்றால் நீதிமன்றத்துக்கு அது வராது (பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வருகிற வழக்குகளுக்கு வேறு விதி, உங்கள் கதைக்கு அது வேண்டாம்). 26ஆம் பிரிவு இன்னொரு கதவையும் அடைக்கிறது. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும் செல்லாது, நீதவான் முன்னால் சொன்னால் ஒழிய.

இப்போது உங்கள் எஸ்.ஐ.யை இதற்குள் நிறுத்திப் பாருங்கள். சேவையில் இருந்த காலத்தில் அவர் காதில் விழுந்த ஒப்புதல்கள் ஒன்றுகூட நீதிமன்றத்தில் செல்லவில்லை. உண்மை தெரிந்தும் எத்தனையோ பேர் வெளியே நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். இன்று அவர் வெறும் ஆள். பென்ஷன்காரர். இப்போது ஒருவன் இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா, நான்தான் வெட்டினேன்" என்று சொன்னால் அது சாட்சியம்! யூனிபோர்மோடு கேட்டால் குப்பைக்குப் போகிற அதே வாக்கியம், யூனிபோர்மைக் கழற்றிய பிறகு ஒரு மனிதனை ஆயுளுக்கும் உள்ளே வைக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே உங்கள் நாயகன் மாஜி பொலிஸாக இருக்கவேண்டும் என்று நான் சொல்வேன், தழும்பும் பங்களாவும் இல்லாவிட்டாலும்.

ஆனால் சும்மா கிடைத்துவிடாது. 24ஆம் பிரிவு இருக்கிறது. அதிகாரமுள்ள ஒருவருடைய மிரட்டலாலோ, ஆசை காட்டலாலோ, வாக்குறுதியாலோ வந்த ஒப்புதல் செல்லாது. மூன்றாம் அத்தியாயத்தில் உங்கள் ஆள், "உண்மையைச் சொல்லு, தூக்கிலிருந்து நான் காப்பாற்றுகிறேன்" என்கிறார். ஒரே வரியில் இரண்டு பிழை. முதலாவது, அது வாக்குறுதி, அதைப் பிடித்துக்கொண்டே நான் அந்த ஒப்புதலை வெளியே தள்ளப் பார்ப்பேன். இரண்டாவது, கொலைக்கு இன்றும் மரண தண்டனை என்றுதான் தீர்ப்பு வாசிக்கிறார்கள், ஆனால் 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போட்டதில்லை, அது தோட்டத்துப் பையனுக்கும் தெரியும்.

சரி, அந்த வரியை எடுத்துவிட்டீர்கள், அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார் என்றே வைப்போம். மேல் நீதிமன்றத்தில் என் குறுக்கு விசாரணை ஏறக்குறைய இப்படிப் போகும்:

"பொலிஸில் எத்தனை வருஷம்?"

"இருபத்தொரு வருஷம்."

"சந்தேகநபர்களை விசாரித்துப் பழக்கம் உண்டு?"

"உண்டு."

"எதிரி உங்கள் வீட்டுக்கு வந்தபோது கதவைச் சாத்தியது யார்?"

"நான்தான். குளிர்."

"குளிர். சரி. அவர் உட்கார்ந்திருந்தாரா, நின்றுகொண்டிருந்தாரா?"

"நின்றுகொண்டிருந்தார்."

"உட்காரச் சொன்னீர்களா?"

"சொன்னேன். உட்காரவில்லை."

"எவ்வளவு நேரம் நின்றார்?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும்."

"ஒரு மணித்தியாலம் சாத்திய கதவுக்குள்ளே, மாஜி எஸ்.ஐ. கதிரையில், கொழுந்து நிறுக்கிற பையன் நின்றபடி. அவர் தானாகப் பேசினார் என்கிறீர்கள்."

பார்த்தீர்களா, அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எல்லாம் உண்மை, உண்மையே அவரைக் கவிழ்க்கிறது. ஏனென்றால் தோட்டத்தில் அவர் இன்னும் அதிகாரமுள்ள ஆள்தான். தேத்தண்ணிக் கடைக்குள் போனால் பெஞ்சில் இருப்பவர் எழும்பி இடம் விடுவார், தொழிற்சங்கத் தலைவர்கூட சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு பேசுவார். அந்த மரியாதையைத்தான் நான் நீதிபதியிடம் காட்டி, இவர் இன்னமும் பொலிஸ் மாதிரித்தான், பையன் பயத்தில் சொல்லியிருக்கிறான் என்பேன். அவர் தனிமையில் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஊர் அவரைச் சாதாரண ஆளாக இருக்க விடாது, சாதாரண ஆளாக இருந்தால்தான் அவர் கேட்டது செல்லும். நாவலுக்கு வேண்டிய இழுபறி முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு கருவியும் தருகிறேன், 27ஆம் பிரிவு. காவலில் இருக்கிற ஒருவன், "அவனை வெட்டின கத்தியைப் பீலிக்கரைக்கு (தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கு) மேலே புதைச்சிருக்கேன்" என்று பொலிஸிடம் சொல்லி, அங்கே தோண்டியபோது கத்தி கிடைத்தால், புதைத்த இடம் அவனுக்குத் தெரியும் என்கிற அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சு உள்ளே வரும். "அவனை வெட்டின" என்ற துண்டு வெளியே போய்விடும். ஒரு வாக்கியத்தை நீதிமன்றம் இப்படிக் கூறுபோடுவதைக் கதையில் காட்டினால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அதிலும் கவ்வாத்துக் கத்தி ஒவ்வொரு லயத்திலும் கிடக்கிற சாமான், கத்தி கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் ஒன்றும் முடிவாகாது. இரத்தம் இருக்கிறதா என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பி, அறிக்கை வரும்வரை இரண்டு கிழமைக்கொரு தவணையாக விளக்கமறியல் நீண்டுகொண்டு போகும். கொலைச் சந்தேகத்துக்கு நீதவான் பிணை கொடுக்கமாட்டார், மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். உங்கள் கதையில் எல்லாமே ஒரு கிழமையில் முடிந்துவிடுகிறது.

பொலிஸ் ஏன் தவறான ஆளைப் பிடிக்கிறது என்பதற்கு ஓ.ஐ.சி.யைக் கெட்டவராக்கியிருக்கிறீர்கள். அது சுலபமான வழி. வேறு வழி சொல்கிறேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தமிழில் சொல்வதை, ஓரளவு தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுகிறார், வாசித்துக் காட்டியதாகக் கடைசியில் ஒரு வரி, கீழே அம்மாவின் கையெழுத்து. "மத்தியானம் நிறுவைக்கு முந்தி பார்த்தேன்" என்று அவர் சொன்னது, நேரம் போட்டு எழுதும்போது ஒரு மணி தள்ளிப்போகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒருவன் மலையில் இருந்தவனாகி உள்ளே போகிறான். பிறகு அந்த அம்மா நீதிமன்றத்தில் சரியான நேரத்தைச் சொன்னால், பொலிஸில் வேறு மாதிரிச் சொன்னாயே என்று முரண்பாடு காட்டி அவரையே பொய்காரியாக்குவார்கள். உங்கள் ஆள் இரண்டு மொழியும் தெரிந்தவர், இப்படி எழுதிப் பழகியவர், அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எங்கே வழுக்கியது என்று அவருக்குப் புரியும். தோட்டத்தில் எத்தனை மணிக்குக் கொழுந்து நிறுவை, எத்தனை மணிக்குப் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இறந்த நேரத்தைப் பற்றி ஒரு சின்னக் குறை. சட்ட வைத்திய அதிகாரி, "இரவு 9.20க்கு உயிர் போயிருக்கிறது" என்கிறார். எந்த சட்ட வைத்திய அதிகாரியும் அப்படிச் சொல்லமாட்டார், இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் இடையில் என்றுதான் சொல்வார், அதுவும் நம் மலையில் மழையில் நனைந்த உடம்பு வெளியே கிடந்தால் சூடு சீக்கிரம் இறங்கும், அழுகுவதோ பிந்தும், அதனால் அந்த இடைவெளி இன்னும் அகலும். அந்த அகலத்துக்குள் இரண்டு சந்தேகநபர்களைத் தாராளமாக நிறுத்தலாம். பிணத்தை லயத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிற காட்சியை மட்டும் மாற்றாதீர்கள். கொலைச் சந்தேகம் என்றால் நீதவான் வந்து பார்க்கும்வரை தொடக்கூடாதுதான், ஆனால் அட்டைக்கடியிலும் மழையிலும் தங்கள் ஆளைப் போட்டுவிட்டு நிற்க நம் சனத்துக்கு மனசு வராது.

இனி தழும்பு. தேயிலை ஸ்டோரில் அமிலத்துக்கு என்ன வேலை? இறப்பர் ஸ்டோரில் என்றால் நம்பலாம், பாலை உறைய வைக்க பார்மிக் அமிலம் பாவிப்பார்கள். அவரை அப்போது யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எனக்குப் பெரிய கேள்வி அது இல்லை. அந்த வழக்கு எங்கே? முகத்தை நிரந்தரமாக விகாரப்படுத்தினால் தண்டனைச் சட்டக்கோவைப்படி அது கடுங்காயம். அதுவும் கடமையில் இருந்த பொலிஸ்காரருக்கு. பொலிஸ் சும்மா விட்டிருக்குமா? ஒரு வைத்திய அறிக்கை இருக்கும், எதிரி இருப்பான், அவனுக்கு என்னைப் போல ஒரு சட்டத்தரணி இருப்பார், உங்கள் ஆள் பாதிக்கப்பட்டவராகக் கூண்டில் ஏறி, கட்டுப்போட்ட கண்ணோடு எதிரியை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கவேண்டும். அந்த வழக்கில் எதிரி விடுதலையாகிப் போனான் என்று வைத்துப் பாருங்கள். மற்றவர்களுடைய வழக்கில் ஆயுள் முழுக்கச் சாட்சி சொன்னவர், தன் சொந்த வழக்கில் தோற்றிருக்கிறார். கண்ணாடி பார்க்காமல் இருக்கிறார், இருட்டில் குடிக்கிறார் என்று நீங்கள் எழுதியிருக்கிற பக்கங்களைவிட, மஞ்சளடித்துப்போன அந்தத் தீர்ப்பின் பிரதி ஒன்று அலுமாரியில் இருக்கிறது என்ற ஒரு வரி எனக்குப் போதும். தழும்பு உள்ள தோல் இறுகும், அரிக்கும், ஆழமாக வெந்த இடம் வியர்க்காது. நீங்கள் அந்தக் கன்னமே வியர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், வெட்டிவிடுங்கள்.

பங்களாவையும் விட்டுவிடுங்கள். தோட்டங்களை 1972லும் 1975லும் அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, ஆளில்லாத பங்களா என்றாலும் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், ஒரு வாச்சர் இருக்கிறார், நல்ல நிலையில் இருந்தால் இன்று வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர் வந்து தங்குகிற இடமாகியிருக்கும். ஒரு மாஜி எஸ்.ஐ. போய்க் குந்திக்கொள்ள விடமாட்டார்கள். அவரை ஏழு பேர்ச் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டில் வையுங்கள். சுற்றிவர இருபது வீடு, ஒரு வீட்டில் பூப்புனித நீராட்டு விழாப் பாட்டு, இன்னொரு வீட்டில் சண்டை, பான் ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது, இவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. மலையில் மனுசனுக்குத் தனிமை அப்படித்தான் கிடைக்கும். பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதை வருஷத்துக்கொருமுறை உறுதிப்படுத்தக் கிராம சேவகரிடம் போயே ஆகவேண்டும் (வேலையைத் தானாக விட்டவர் என்றால் பென்ஷனே இல்லாமல் போகலாம், காயத்தால் வைத்தியக் காரணத்தில் ஓய்வு பெற்றவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்), ஆக முழுத் துறவியாக இருக்க அரசாங்கமும் விடாது.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இன்னொன்று. 1962இல் லயத்தில் பிறந்தவர், 1984இல் பொலிஸில். எப்படி? 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நம் சனம் பிரஜாவுரிமை இல்லாதவர்களானார்கள், 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் யார் இங்கே, யார் இந்தியா என்று கணக்கிட்டுப் பிரித்தார்கள், மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் முழுதாகத் தீர்ந்தது. பிரஜையாக இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்க வேலை எங்கே கிடைத்தது? அவருடைய அப்பா 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டுப் பதிவுப் பிரஜையானவர் என்று வைத்தால் சட்டச்சிக்கல் தீரும். மனச்சிக்கல் தீராது. தமிழர்களுக்கு எதிரான 83 ஜூலைக் கலவரம் முடிந்து அடுத்த வருஷம் ஒரு தோட்டத்துப் பையன் காக்கி போடப் போகிறேன் என்று வந்து நிற்கிறான். அப்பா என்ன சொல்லியிருப்பார், பக்கத்துக் காம்பிராக்காரர் (லயத்து அயல் வீட்டுக்காரர்) அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் குடித்தாரா? முகம் வேகுவதற்கு முன்னமே அவர் ஊரைவிட்டு விலகிய ஆள்தான், டீச்சர். அதை எழுதாமல் நேரே அமிலத்துக்குப் போய்விட்டீர்கள்.

தொடர் என்பதால் ஒரு நடைமுறைப் பிரச்சினையும் உண்டு. முதல் புத்தகத்தில் ஒரு பிணம், இரண்டாவதில் ஒரு பிணம், ஒவ்வொரு முறையும் இவரே பக்கத்தில் நிற்கிறார் என்றால், மூன்றாவது பிணம் விழுகிறபோது ஓ.ஐ.சி. முதலில் பிடிக்கப்போவது இவரைத்தான். நானாக இருந்தால் மூன்று கொலை வைக்கவே மாட்டேன். ஒரே கொலை. முதல் புத்தகம் கொலையும் அந்த இரவு வாக்குமூலமும். இரண்டாவது, சட்டமா அதிபரின் குற்றப்பத்திரிகை வரும்வரை ஓடுகிற வருஷங்கள், சாட்சி ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார், ஒருவர் செத்துப்போகிறார், கொலைகாரனின் தாய் தினமும் இவர் வாசல் வழியாகவே நடந்துபோகிறாள். மூன்றாவது, வழக்கு. அந்த ஒப்புதல் தானாக வந்ததா இல்லையா என்று நீதிபதி தனியாக ஒரு விசாரணை வைத்துத் தீர்மானிக்கவேண்டும், அதுதான் உங்கள் உச்சக்கட்டம், துப்பாக்கியும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். அது செல்லும் என்று தீர்ப்பதா செல்லாது என்று தீர்ப்பதா, அது உங்கள் பாடு. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள், நான் எதிரி தரப்பு.

கடைசியாக, வழக்கு நடப்பதை நேரில் பார்க்க அனுமதி எடுக்கவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பொதுவாகத் திறந்த நீதிமன்றம்தான், பாடசாலை விடுமுறையில் ஒரு வேலைநாளாகப் பார்த்து நுவரெலியாவுக்கு வாருங்கள், போனை நிறுத்திவிட்டுப் பின்பக்கப் பெஞ்சில் உட்காருங்கள், உள்ளே குறிப்பு எழுதுவதென்றால் முதலில் வாசலில் நிற்கிற உத்தியோகத்தரிடம் கேளுங்கள். காலை வேளையில் தவணை போட்டே நேரம் போய்விடும், சலித்து எழும்பிவிடாதீர்கள், விளக்கம் (சாட்சி விசாரணை) எடுக்கத் தொடங்கிய பிறகுதான் உங்களுக்கு வேண்டியது வரும். சுவெட்டர் கொண்டுவாருங்கள்.